மார்கழிக்கு அடுக்ககத்தில் மூன்று நாள் கச்சேரி: சின்ன ஹாலுக்கு மைக், மேடை, ஸ்ருதி எப்படி அமைப்பது?

வேளச்சேரி_கலைக்குழு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அடுக்ககச் சங்கம் இந்த மார்கழியில் மூன்று நாள் நிகழ்ச்சி நடத்தப் போகிறது. முதல் நாள் வாய்ப்பாட்டு. பாடகியோடு வயலின், மிருதங்கம், கடம். இரண்டாம் நாள் வீணை, மிருதங்கம். மூன்றாம் நாள் இங்கே குடியிருக்கும் பிள்ளைகளின் பரதநாட்டியம், பாட்டு பதிவு செய்ததுதான். டிசம்பர் 26, 27, 28 என்று நினைத்திருக்கிறோம். மாலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடிக்க ஆசை.

ஹால் விவரம்: நீளம் 60 அடி, அகலம் 30 அடி, உயரம் 10 அடிதான். வழவழவென்று டைல்ஸ் தரை. நீளப் பக்கம் ஒன்றில் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், எதிர்ப்பக்கம் வெறும் சுவர். நான்கு ஏசி, ஆறு சீலிங் ஃபேன். 150 நாற்காலி போடலாம். சங்கத்தின் கையில் 8 சேனல் மிக்ஸர், ஸ்டாண்டில் நிறுத்தும் பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, டைனமிக் மைக் நான்கு இருக்கின்றன. இதே சாமான்களை வைத்துப் பொதுக்குழு நடத்தினால் பேச்சு கொழகொழவென்று கேட்கிறது. சத்தத்தைக் கூட்டினால் 'கூய்' என்று ஊளையிடுகிறது. பேச்சே இப்படி என்றால் பாட்டு என்ன ஆகும் என்று கவலை.

என்னென்ன வாடகைக்கு எடுக்க வேண்டும், மேடை எந்த அளவு, கலைஞர்களுக்கு என்ன தயார் செய்ய வேண்டும், அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஒலிப்பலகை எழுதியது:

பெரிய ஸ்பீக்கர் எடுக்கலாமான்னு யாராவது கமிட்டியில ஆரம்பிப்பாங்க. வேண்டாம். இருக்கிற ரெண்டு ஸ்பீக்கரே உங்க ஹாலுக்கு அதிகம். உங்க சிக்கல் சத்தம் பத்தாம வரலை. டைல்ஸ், கண்ணாடி, வெறும் சுவர் மூணும் சேர்ந்து ஒரே சொல்லை நாலு தடவை திருப்பி அனுப்புது, அதனால வருது. நடு ஹால்ல நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாருங்க. 'ட்ர்ர்ர்'னு ஒரு அதிர்வு ஓடினா, கண்ணாடிக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவுல ஒலி பந்து மாதிரி போய்ட்டு வருதுன்னு அர்த்தம். ரெண்டுல ஒரு பக்கத்தை மூடினாலே பாதி நோய் தீரும். கண்ணாடிப் பக்கம் கனமான திரைத்துணி போடுங்க. விறைப்பா இழுத்துக் கட்டினா பலன் குறைவு. 60 அடி ஜன்னலுக்கு 110, 120 அடி துணி எடுத்து மடிப்பு மடிப்பாத் தொங்க விடணும், அந்த மடிப்புதான் ஒலியைக் குடிக்கும். மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவுல, நடைபாதையில, ஜமக்காளம் விரிங்க. மேடைக்குப் பின்னாடி ஃப்ளெக்ஸ் பேனர் கட்டாதீங்க. அது தகடு மாதிரி ஒலியைத் திருப்பி மைக்குக்கே அனுப்பும். துணியில அச்சடிச்ச பேனர் போதும்.

மேடையை 30 அடிச் சுவர் பக்கம், அதாவது ஹாலோட குறுக்குமுனையில வைங்க. ஸ்பீக்கர் ரெண்டும் மேடை விளிம்புக்கு 3, 4 அடி முன்னாடி நிக்கணும். மைக் எல்லாம் ஸ்பீக்கருக்குப் பின்னாடி இருக்கணும், இதுதான் ஊளைக்கு முதல் மருந்து. ஸ்பீக்கரோட ஹார்ன் பகுதி உட்கார்ந்திருக்கிறவங்க தலைக்கு மேல, தரையிலிருந்து ஆறரை அடி உயரத்துல. லேசா உள்பக்கம் திருப்பி, பின் வரிசைகளைப் பார்த்த மாதிரி வைங்க. பக்கச்சுவரைப் பார்க்கவே கூடாது.

மைக் கணக்கு முதல் நாளுக்கு: பாடகிக்கு 1, வயலினுக்கு 1, மிருதங்கத்துக்கு 2, கடத்துக்கு 1. உங்க நாலு டைனமிக் மைக்கைக் குரல், வலந்தலை (மிருதங்கத்தோட வலக்கைப் பக்கம்), தொப்பி (இடக்கைப் பக்கம்), கடம்னு பிரிச்சுக்கோங்க. வயலினுக்கு மட்டும் ஒரு கண்டென்ஸர் (நுணுக்கமான ஒலியையும் பிடிக்கிற மைக்) வாடகைக்கு எடுங்க. மிக்ஸர்ல 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (கேபிள் வழியாவே மைக்குக்கு மின்சாரம் கொடுக்கிறது) பட்டன் இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லாட்டி அந்த மைக் வாயே திறக்காது. அறிவிப்புக்குத் தனி மைக் ஒண்ணு. பேசி முடிச்ச உடனே அந்தச் சேனலை ம்யூட் பண்ணிடணும். திறந்திருக்கிற மைக் எண்ணிக்கை இரட்டிப்பானா ஊளைக்கு முன்னாடி சத்தத்தைக் கூட்டக் கிடைக்கிற இடைவெளி 3 டெசிபல் குறையும். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினா ஏறக்குறைய 6 டெசிபல் கூடுதலாக் கிடைக்கும். ஆக மைக்கைக் கூட்டாதீங்க, கிட்டக்கக் கொண்டு வாங்க.

எவ்வளவு கிட்ட? பாடகிக்கு ஒரு சாணுக்குள்ள, வாய்க்கு நேரா இல்லாம தாடைக்குக் கொஞ்சம் கீழ இருந்து மேல பார்த்த மாதிரி. கமகம் (ஸ்வரத்தை அசைச்சுப் பாடுறது) வரும்போது தலை அசையும், உதட்டை ஒட்டி வெச்சா ஒரு ஸ்வரம் இடிக்கும், அடுத்த ஸ்வரம் காணாமப் போகும். வயலினுக்கு மேலே இருந்து ஒரு சாண் தள்ளி, வில்லு இடிக்காத பக்கம். கடத்தோட வாய்க்கு நேரா மைக் வைக்காதீங்க, காத்துத்தான் 'புஃப் புஃப்'னு வரும்.

வாடகைக்காரர்கிட்ட மறக்காமச் சொல்ல வேண்டியது: குட்டை ஸ்டாண்ட், பூம் கையோட, 5. சொல்லலைன்னா மேடைப் பேச்சுக்கான உயர ஸ்டாண்டைத்தான் இறக்குவாங்க. தரையில உட்கார்ந்து பாடுறவங்க முகத்தை அது மறைக்கும், வளைச்சா சாயும். கூடவே உபரி எக்ஸ்எல்ஆர் கேபிள் 3, உபரி மைக் 1.

பாடகிக்கு முன்னாடி, அவங்க குரல் அவங்களுக்கே கேக்க, ஒரு சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் வேணும். அது மைக்கோட முதுகுப் பக்கமா, பாடகியைப் பார்த்து இருக்கணும். நீங்க வெச்சிருக்கிற வகை மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம், அதைத்தான் நாம பயன்படுத்திக்கிறோம். அதுல குரலும் தம்புராவும் மட்டும் போட்டு ஆரம்பிங்க, அவங்க கேட்டா வயலின் சேருங்க.

மிக்ஸர்ல இருக்கிற எக்கோ திருகாணியைப் பூஜ்யத்துல வெச்சு அது மேல டேப் ஒட்டிடுங்க. உங்க ஹாலே வேண்டிய அளவு எக்கோ போடுது. அதுக்கு மேல போட்டா பிருகா (வேகமா உருளுற ஸ்வரங்கள்) எல்லாம் கூழாயிடும்.

லோ-கட் (அடி ஒலியை வெட்டுற) பட்டன் பத்தி ஒரு எச்சரிக்கை. பாடுறவங்க ஸ்ருதியோட உயரத்தைக் கட்டைன்னு எண்ணுவாங்க, எண் கூடினா ஸ்ருதி உயரும். 5 கட்டையில பாடுறவங்களுக்கு மத்திய ஸ்தாயி ஸட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி 'ப') சுமார் 147. ஒரு கட்டையில பாடுற ஆண் குரல்னா மந்திர பஞ்சமம் 98 வரைக்கும் இறங்கும். 80 ஹெர்ட்ஸ்ல வெட்டினா யாருக்கும் பாதகமில்லை. இரைச்சல் அடங்கட்டும்னு 150க்கு ஏத்தினா கீழ் ஸ்தாயியில நிக்கிற கார்வை எல்லாம் மெலிஞ்சு போகும், பாடுறவங்க பாவம் தொண்டையை அழுத்துவாங்க. தொப்பி மைக்குக்கு லோ-கட்டே வேண்டாம், மிருதங்கத்தோட கும்கிங்கிற அடிநாதம் அங்கதான் இருக்கு.

'உர்ர்'னு அடித்தொண்டை இரைச்சல் வந்தா: மிக்ஸர், ஸ்பீக்கர், மானிட்டர் எல்லாத்தையும் ஒரே மின் இணைப்புப் பலகையிலிருந்து எடுங்க. சீரியல் செட், டிம்மர் விளக்கு எல்லாம் வேற இணைப்புல. லேப்டாப் மிக்ஸர்ல சொருகியிருந்தா அதோட சார்ஜரை ஒரு நிமிஷம் பிடுங்கிப் பாருங்க, பெரும்பாலும் குற்றவாளி அதுதான். மின்தடை வந்து ஜெனரேட்டர் மாறுற சில நொடியில டிஜிட்டல் மிக்ஸர் அணைஞ்சு எழும், அதனால மிக்ஸரை மட்டும் ஒரு யூபிஎஸ்ல போடுங்க. போடும்போது ஸ்பீக்கர் கடைசி, அணைக்கும்போது ஸ்பீக்கர் முதல்.

---

வலந்தலை எழுதியது:

மேலே உள்ளவர் ஒலியைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார். நான் ஸ்ருதிப் பக்கம் சொல்கிறேன். கச்சேரி அங்கேதான் நிற்கும், அங்கேதான் விழும்.

பாடகியை முடிவு செய்த அன்றே 'எத்தனை கட்டை?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வயலின், மிருதங்கம், கடம் மூவருக்கும் சொல்லுங்கள். வயலின்காரர் தந்தியை ஏற்றி இறக்கிக்கொள்வார். மிருதங்கம் அப்படி இல்லை. 1, 2 கட்டையில் பாடும் ஆண் குரலுக்கான தக்கு ஸ்ருதி மிருதங்கம் வேறு, 5, 6 கட்டைக்கான ஹெச்சு ஸ்ருதி மிருதங்கம் வேறு. கடத்துக்கோ சூளையில் வெந்தபோது வந்த ஸ்ருதிதான். ஒரு கடம், ஒரு ஸ்ருதி. களிமண் அப்பித் துளி சரிசெய்யலாம், அவ்வளவே. பாடகிக்குத் தொண்டை கட்டி, கடைசி நேரத்தில் ஆண் பாடகரை மாற்றினீர்கள் என்றால் முதல் தொலைபேசி மிருதங்க வித்வானுக்குப் போக வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர் 5 கட்டை மிருதங்கத்தோடு வந்து ஒன்றரைக் கட்டைக் குரலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒன்றும் செய்ய முடியாது. வீணைக் கச்சேரிக்கும் இதே விதி. வீணையின் ஸ்ருதி பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும், ஆகவே முதல் நாள் வந்த மிருதங்கமே மறுநாளும் சரிப்படும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கலைஞர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏசியைப் போட்டு, ரசிகர்கள் இருக்கும்போது எவ்வளவு குளிர் இருக்குமோ அந்த அளவில் நிறுத்துங்கள். வெளியே டிசம்பர் ஈரம், உள்ளே உலர்ந்த குளிர். தோல் ஈரத்தை உறிஞ்சினால் தளரும், காய்ந்தால் இறுகும். தந்தி குளிர்ந்தால் சுருங்கி ஸ்ருதி ஏறும், விளக்குச் சூட்டில் இறங்கும். புழுக்கத்தில் சேர்த்த ஸ்ருதி, நடுக்கச்சேரியில் யாரோ ஏசியைக் கூட்டியதும் நழுவும். மேடைக்கு நேர் மேலே உள்ள ஏசியை அணைத்துவிடுங்கள். அந்தக் காற்று தொப்பியில் பூசிய ரவையையும் காய வைக்கும், பாடகியின் தொண்டையையும் காய வைக்கும். மேடையை நோக்கி ஸ்டாண்ட் ஃபேன் கூடவே கூடாது. மேடை விளக்கு ஹாலஜன் வேண்டாம், எல்இடி வையுங்கள். முன்னால் இரு பக்கமும் சாய்வாக, இளமஞ்சள் நிறத்தில் இருந்தால் போதும். கலர் மாற்றி மாற்றி அடிக்கும் விளக்கு ஒருவருக்கும் வேண்டாம்.

மிருதங்கத்துக்கு 20, 30 நிமிடம் அமைதியாக ஸ்ருதி சேர்க்க இடம் வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு சின்னத் துண்டு, ஒரு பிடி ரவை வைத்துவிடுங்கள். அவர் கொண்டு வருவார், இருந்தாலும் வையுங்கள். அந்த நேரத்தில் ஹாலில் பின்னணிப் பாட்டுப் போடாதீர்கள். வேறு ஸ்ருதியில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்க, கல்லையும் 'புல்' எனும் மரத்துண்டையும் வைத்து வாரை ஏற்றி இறக்குவது கொடுமை.

தம்புரா: நல்ல தம்புராவும் மீட்டத் தெரிந்த மாணவரும் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. இல்லாவிட்டால் எலெக்ட்ரானிக் தம்புரா. அதைப் பாடகிக்குப் பின்னால் சற்றுத் தள்ளி வைத்து, மானிட்டரிலும் ஓடவிடுங்கள். நான்கு பேருக்கும் கேட்க வேண்டும். கைபேசிச் செயலி என்றால் விமானப் பயன்முறையில் போடச் சொல்லுங்கள். ஆலாபனை நடுவே அழைப்பு வந்தால் ஸ்ருதி நின்றுபோகும்.

உட்காரும் முறை: பாடகி நடுவில், அவருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். அப்போதுதான் வலந்தலை ரசிகர்களைப் பார்த்து இருக்கும். இடக்கை வித்வான் என்றால் இடம் மாறும், முன்கூட்டிக் கேளுங்கள். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர் என்பதால் மேடையில் யார் எங்கே உட்காருவது என்பது அந்தக் காலத்தில் பெரிய பிரச்சினையாகவே இருந்தது. கடம் பின்வரிசையில். மேடை 16 அடிக்கு 10 அடி இருந்தால் தாராளம், 12க்கு 8க்குக் கீழே போகாதீர்கள். உயரம் ஒன்றரை அடி போதும்.

---

வேளச்சேரி_கலைக்குழு:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். மைக்கே இல்லாமல் நடத்தலாம், சின்ன ஹால்தானே என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்கிறார். நடக்குமா? இன்னொன்று, அதே ஒன்றரை அடி மேடையில் மூன்றாம் நாள் நாட்டியத்தையும் வைத்துக்கொள்ளலாமா?

---

குடத்தொலி எழுதியது:

மைக் இல்லாமல் நடக்கும், நன்றாகவே நடக்கும். ஆனால் மேடையை இடம் மாற்ற வேண்டும். 30 அடிச் சுவர் பக்கம் வைத்தால் கடைசி வரிசை 45 அடிக்கு அப்பால் போய்விடும். கண்ணாடிக்கு எதிரே உள்ள நீளச் சுவரின் நடுவில் மேடையைப் போடுங்கள். மேடை 8 அடி, முன்னால் 4 அடி விட்டால், மீதி 18 அடியில் வரிசைக்கு 3 அடி வீதம் 6 வரிசை. வரிசைக்கு 25 நாற்காலி. சிலர் ஓரமாக இருந்தாலும் 150 பேரும் பாடகிக்கு அருகில் இருப்பார்கள். ஏசியும் ஃபேனும் போடும் சத்தம்தான் எதிரி. டிசம்பர் கடைசி மாலையில் முன்பே ஹாலைக் குளிர வைத்துவிட்டு, கச்சேரி தொடங்கும்போது இரண்டு ஏசியை அணைத்தால் தாங்கும். கடம் வேண்டாம், மிருதங்கம் மட்டும் வைத்து, அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள். மைக் வழியாக வராத வயலினின் வில் ஓசையும் குரலின் இழைவும் ஒருமுறை காதில் விழுந்தால் உங்கள் ரசிகர்கள் அடுத்த ஆண்டும் அதையே கேட்பார்கள்.

வீணைக்கு மட்டும் இது பொருந்தாது. வீணை மெல்லிய ஓசை. பக்கத்தில் மிருதங்கம் வந்தால் நாதம் அமுங்கிவிடும். வீணைக்கு ஒரு கண்டென்ஸர் மைக், குடத்தின் மேல் பலகைக்கு ஆறு, எட்டு அங்குலம் தள்ளி. மிருதங்கத்துக்கு மைக்கே வேண்டாம். வீணையிலேயே ஒட்டும் மைக் கலைஞரிடமே இருக்கலாம். அதில் ஊளை அவ்வளவாக வராது, ஆனால் தந்தியின் உலோகச் சத்தம் தூக்கலாக வரும், மேல் அலைவரிசையைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். பலகை மேடை உள்ளே பொள்ளலாக இருந்தால் கால் வைக்கும் ஒவ்வொரு அதிர்வும் ஸ்டாண்ட் வழியாக மைக்கில் ஏறும். ஸ்டாண்டின் அடியில் மடித்த துண்டு வையுங்கள்.

---

ஒலிப்பலகை:

நீளச் சுவர்ல மேடைங்கிறது நல்ல யோசனைதான், மறுக்கலை. ஒரே நிபந்தனை: அப்ப கண்ணாடி நேர் எதிர்ல வருது. திரை முழுசா, மடிப்போட மூடலைன்னா மேடையிலிருந்து போற ஒலி நேராத் திரும்பி மேடைக்கே வரும். மைக் போட்டா அன்னிக்கு முழுக்க ஊளைதான். திரைக்குச் செலவு பண்ண முடியும்னா குடத்தொலி சொல்ற மாதிரி செய்ங்க. முடியாதுன்னா குறுக்குமுனை. வேற ஒரு விஷயம், மைக் இல்லாமப் பாடச் சம்மதமான்னு பாடகிகிட்ட இப்பவே கேளுங்க. டிசம்பர்ல ஒரே வாரத்துல நாலஞ்சு கச்சேரி இருக்கிறவங்க தொண்டையை மிச்சம் பிடிக்கணும். மேடைக்கு வந்தப்புறம் சொல்ற விஷயம் இல்லை இது. சம்மதிச்சாலும் குரல் மைக் ஒண்ணைத் தயாரா வெச்சிருங்க.

சவுண்ட் செக் 45 நிமிஷம், கதவு திறக்கிறதுக்கு முன்னாடி முடியணும். காலி ஹால்ல கொஞ்சம் எதிரொலி கூடத்தான் இருக்கும், 150 பேர் வந்து உட்கார்ந்தா அடங்கும். அதனால காலி ஹால்ல கேக்குறதை வெச்சு ட்ரெபிளை ரொம்ப வெட்டிடாதீங்க, ஜனம் வந்ததும் பாட்டு மூடின பானைக்குள்ள பாடுற மாதிரி ஆயிடும்.

---

தட்டிமெட்டு எழுதியது:

நாட்டியத்துக்கு அந்த மேடை ஆபத்து, தயவுசெய்து வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரை 10 அடி, ஃபேன் இறக்கை எட்டரை அடியில் இருக்கும். ஒன்றரை அடி மேடை போட்டால் இறக்கைக்கும் மேடைப் பலகைக்கும் நடுவே 7 அடிதான். ஐந்தரை அடிப் பெண் கையை உயர்த்தினாலே அங்கே போய்விடும், குதித்தால் சொல்லவே வேண்டாம். மேடைக்கு மேல் வரும் ஃபேனை அணைத்தால் மட்டும் போதாது, இறக்கையைக் கழற்றி வையுங்கள்.

அதே சமயம் டைல்ஸ் தரையில் நேரடியாக ஆடவும் விடக்கூடாது. சிமெண்ட் மேல் டைல்ஸ் துளியும் கொடுக்காது. அரைமண்டியில் (முழங்காலை மடித்த நிலை) உட்கார்ந்து தட்டும் ஒவ்வொரு தட்டும் முழங்காலுக்கும் குதிகாலுக்கும் திரும்பி வரும், வியர்வை பட்டால் வழுக்கும். ஆறு அங்குல உயரத்தில் தாழ்ந்த பலகைத்தளம் போடச் சொல்லுங்கள்: ஓர் அடிக்கு ஒரு ரீப்பர் (மரச்சட்டம்), மேலே 18 மில்லிமீட்டர் ப்ளைவுட். 20 அடிக்கு 16 அடி இருந்தால் நான்கு பிள்ளைகள் சேர்ந்து ஆடலாம். பலகை சேரும் இடங்களில் விரல் நுழையும் சந்து இருக்கக்கூடாது, ஆணித்தலை உள்ளே அமுங்கியிருக்க வேண்டும். வெறுங்காலோடு ஒருவர் முழுத் தளத்தையும் தேய்த்து நடந்து பார்த்துவிடுங்கள். மேலே ஜமக்காளம், கார்பெட் எதுவும் விரிக்காதீர்கள். கால் சிக்கும், தட்டும் கேட்காது. பூ தூவாதீர்கள், இதழில் வழுக்கும். குத்துவிளக்கு தளத்துக்கு வெளியே, தாம்பாளத்தின் மேல். எண்ணெய் ஒரு சொட்டு பலகையில் பட்டாலும் அன்றைய நிகழ்ச்சி முடிந்தது.

தளம் தாழ்வாக இருப்பதால் பின்னால் இருப்பவர்களுக்குப் பாதம் தெரியாது. அதற்கு வழி, முன் மூன்று வரிசை நாற்காலியை எடுத்துவிட்டு ஜமக்காளத்தில் உட்கார வையுங்கள். பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளுமாக 50 பேர் வசதியாக உட்காரலாம். முடியாதவர்களுக்கு ஓரத்தில் நாற்காலி.

பாட்டை ப்ளூடூத்தில் ஓட்ட வேண்டாம். விட்டு விட்டு வரும், யாருடைய போனோ நடுவில் இணையும். கம்பி வழியாக லேப்டாப்பிலிருந்து ஓட்டுங்கள், அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிட்டு. பாட்டுகளை நிகழ்ச்சி வரிசைப்படி 01, 02 என்று பெயரிட்டுப் பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். ஆடுகிற பிள்ளைக்குப் பக்கவாட்டிலிருந்து பாட்டு கேட்க வேண்டும், அந்த மானிட்டர் ஸ்பீக்கரை அன்றைக்குத் தளத்தின் ஓரத்துக்கு மாற்றுங்கள். பெரிய ஸ்பீக்கர்கள் முன்னால் இருப்பதால் அவர்களுக்குத் தெளிவில்லாமல், தாமதமாகத்தான் கேட்கும், தாளம் பின்வாங்கும்.

---

கச்சேரிப்பந்தல் எழுதியது:

தேதியைப் பற்றி யாரும் பேசவில்லை. டிசம்பர் 15 வாக்கில் தொடங்கி ஜனவரி 1 வரை மியூசிக் அகாடமி, மாதக் கடைசியில் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்க விழா, இது போக மயிலாப்பூர், தி.நகர் சபாக்கள் எல்லாம் நிரம்பி வழியும் வாரம் நீங்கள் சொன்னது. பக்கவாத்தியக்காரர்கள் ஒரே நாளில் இரண்டு கச்சேரி வாசித்துவிட்டு வேளச்சேரிக்கு ஓடி வர வேண்டும். வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டால் உங்கள் 6 மணி ஏழாகும். வாய்ப்பாட்டையும் வீணையையும் ஜனவரி முதல் வாரத்துக்குத் தள்ளுங்கள். போகி வரைக்கும் மார்கழிதானே! கேட்ட கலைஞர் கிடைப்பார், களைப்பில்லாமலும் வருவார். பிள்ளைகளின் நாட்டியத்தை மட்டும் அரையாண்டு விடுமுறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பள்ளி திறந்துவிட்டால் ஒத்திகைக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள். எப்படி வைத்தாலும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

சன்மானம் பேசும்போது நால்வருக்கும் தனித்தனியாக எவ்வளவு என்று முடிவு செய்து, தனித்தனி உறையில் கொடுங்கள், கச்சேரி முடிந்த உடனே. மொத்தத்தையும் பாடகியிடம் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்வது அவருக்கும் சங்கடம், மற்றவர்களுக்கும் சங்கடம்.

இரண்டு மணி நேரக் கச்சேரியில் பேச்சுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் இடம் கிடையாது. வரவேற்பு தொடக்கத்தில், பொன்னாடை முடிவில். நடுவில் சிறப்பு விருந்தினரை மேடையேற்றினால் ஸ்ருதியும் போகும், பாடுபவரின் மனசும் கலையும். தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) தொடங்கியதும் எழுந்து காபிக்குப் போகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. அதனால் காபிக் கவுண்டரைக் கச்சேரிக்கு முன் 5:15 முதல் 5:50 வரை மட்டும் திறந்து மூடிவிடுங்கள். 150 பேருக்கு ஆளுக்கு 100 மில்லி என்றால் 15 லிட்டர். பால் 11, 12 லிட்டர், காபித்தூள் ஒன்றரைக் கிலோ. சுண்டல் என்றால் 5 கிலோ கொண்டைக்கடலை, முந்தின இரவே ஊற வைக்க வேண்டும். கலைஞர்களுக்கு ஃப்ளாஸ்கில் வெந்நீர் மேடையிலேயே. டிபன் கச்சேரி முடிந்தபின். ஊதுபத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே மூன்றையும் அன்று மாலை தவிருங்கள், பாடுகிறவர் தொண்டைக்கு ஆகாது.

அனுமதி: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் தேதி, நேரம், இடம் எழுதிக் கடிதம் கொடுத்து விசாரியுங்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. ஜன்னலை மூடித் திரையும் போட்டால் வெளியே அவ்வளவாகப் போகாது.

இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் நால்வரிடமும் எழுதி வாங்குங்கள், பாடகியின் சம்மதம் மட்டும் போதாது. மும்மூர்த்திகள் (தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி) கிருதிகளுக்குப் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர். இயற்றியவர் மறைந்தபின் 60 ஆண்டு என்ற கணக்குப்படி அவர் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. பிள்ளைகள் ஆடும் தில்லானா லால்குடி ஜெயராமன் இயற்றியதாக இருந்தால், அவர் மறைந்தது 2013இல், ஆக 2073 வரை. விலைக்கு வாங்கிய பதிவை ஓட்டி ஆடிய காணொளியை ஏற்றினால் யூடியூப் தானாகவே உரிமைக்கோரல் போடும். பெற்றோருக்குத் தனியாகப் பகிர்ந்துவிடுங்கள்.

---

வேளச்சேரி_கலைக்குழு:

குழுவில் பேசினோம். நாட்டியம் டிசம்பர் 27, பாட்டும் வீணையும் ஜனவரி முதல் வார இறுதி என்று மாற்றியாயிற்று. திரைத்துணிக்குப் பணம் ஒதுக்கியாயிற்று, மேடை நீளச் சுவர்ப் பக்கம். கடைசியாக ஒன்று: மார்கழி முழுக்க விடியற்காலை 5 மணிக்கு வளாகத்தைச் சுற்றித் திருப்பாவை பாடி வர 20 பேர் தயாராக இருக்கிறார்கள். கையடக்க ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளலாமா?

---

வலந்தலை:

வேண்டாம், காலை 6 மணிக்கு முன் வெளியில் ஒலிபெருக்கிக்கு விதியே இடம் தராது. தேவையும் இல்லை. மயிலாப்பூர் மாடவீதியில் பாபநாசம் சிவன் நடத்திய மார்கழி பஜனை, தொண்டையையும் ஜால்ராவையும் நம்பித்தான் நடந்தது. 20 பேர் என்றால் ஜால்ரா 3 ஜோடி, தோளில் மாட்டும் ஆர்மோனியம் ஒன்று, கஞ்சிரா ஒன்று. எல்லோருக்கும் எட்டும்படி ஸ்ருதியைத் தாழ்த்தி, ஆண்கள் பெண்கள் கலந்திருந்தால் 3 கட்டை வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள்; 5 கட்டையில் தொடங்கினால் ஆண்கள் மேல் ஸ்தாயியில் கத்துவார்கள், அல்லது வாயை மூடிக்கொள்வார்கள். நாளுக்கு ஒரு பாசுரம், 30 நாளுக்கு 30. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த ராகங்களில் பலருக்கும் பழக்கம் இருக்கும், அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 29 நாள்தான் என்றால் கடைசி நாளில் இரண்டையும் சேர்த்துப் பாடிவிடலாம். வரி தெரியாதவர்களுக்காக அன்றன்றைய பாசுரத்தை முந்தின இரவே பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். இருட்டில் போன் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் படியில் தடுக்கும், முன்னால் ஒருவர் கையில் ஒரு லாந்தர் இருக்கட்டும்.